தி. நகர் சாலைப் பெயருக்குள் ஒரு டாக்டர்

மலர்க்குழுவினர் வந்து, "சார், இந்த வருஷம் சரித்திரம் சம்பந்தமா நீங்க ஒரு கட்டுரை தரணும், ஆனா ராஜராஜ சோழன் வேண்டாம், அவரைப் போன மலரிலேயே போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தேன். பனகல் பார்க்கில் 12பி பிடித்து மயிலாப்பூர் பக்கம் வந்து படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வாணி மகால் பக்கம் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் போனவர்கள் அதைவிட அதிகம். அங்கே டாக்டர் நாயர் சாலை என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். யார் அந்த நாயர் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். "காங்கிரஸ் தலைவரா இருந்தாரே, அந்த சங்கரன் நாயர்தானே?" என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள்.

இல்லை. சர் சி. சங்கரன் நாயர் வேறு. அவர் வக்கீல், நீதிபதி, 1897 அமராவதி காங்கிரஸின் தலைவர், ஜாலியன்வாலாபாக் கொடுமைக்குப் பின் வைஸ்ராய் நிர்வாக சபையிலிருந்து 1919இல் விலகியவர். நம்முடைய நாயர் டாக்டர். தாரவத் மாதவன் நாயர் என்பது முழுப்பெயர். நீதிக்கட்சியை ஆரம்பித்த மூவரில் ஒருவர். மற்ற இருவர் சர் பி. தியாகராய செட்டியாரும் டாக்டர் சி. நடேச முதலியாரும். பெரியார் இவரைத் 'திராவிட லெனின்' என்று சொன்னதாகக் கட்சி மேடைகளில் இன்றும் கேட்கலாம். ஆனால் அந்த மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு காரியம் அவர் வாழ்க்கையில் உண்டு. என் கணக்கில் அதுதான் அவர் செய்ததிலேயே பெரியது. அதற்கு வருகிறேன்.

1868 ஜனவரி 15ஆம் தேதி மலபார் ஜில்லா திரூரில் பிறந்தார். மலபார் அப்போது மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. தகப்பனார் ஜில்லா முன்சீப். தங்கை தாரவத் அம்மாளு அம்மா சமஸ்கிருதமும் மலையாளமும் கரைகண்டவர், பெரிய எழுத்தாளர். திருவிதாங்கூர் அரசு நாடு கடத்திய பத்திரிகையாசிரியர் சுவதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளைக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த தைரியசாலி. அரசாங்கத்தோடு முட்டிக்கொள்வது அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை என்று தெரிகிறது.

பாலக்காட்டில் பள்ளிப்படிப்பு. அதற்கப்புறம் மதராஸ். பேப்பூர் - மதராஸ் ரயில் பாதை 1862லேயே முடிந்துவிட்டபடியால், மலபாரிலிருந்து படிக்க வருகிறவர்கள் நேராகச் சென்னைக்கு வண்டியேறினார்கள். இங்கே பிரசிடென்சி கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. நடுவிலேயே எடின்பரோவுக்குப் புறப்பட்டுவிட்டார். 1894இல் அங்கே மருத்துவப் பட்டம், 1896இல் எம்.டி. அதற்கப்புறம் பாரிஸில் காது மூக்குத் தொண்டைப் பயிற்சி. 1897இல் சென்னைக்குத் திரும்பித் தொழில் ஆரம்பித்தார். பாலக்காட்டுக்கோ கோழிக்கோட்டுக்கோ போய் உட்காரவில்லை. சென்னைதான் ஊர் என்று ஆக்கிக்கொண்டார்.

வந்தவர் ஏன் ஸ்டெதாஸ்கோப்போடு நிற்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து டாக்டர் உத்தியோகத்தைப் பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய பதவிகளும், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் நாற்காலிகளும் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் அதிகாரிகளுக்குத்தான். அந்தப் பரீட்சை லண்டனில் நடக்கும். ஆகவே எவ்வளவு பெரிய பட்டம் வாங்கி வந்தாலும், இந்திய டாக்டர் பெரும்பாலும் தனியாகப் போர்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. சம்பளம் சர்க்காரிடம் வாங்காதவனுக்கு வாய் சுதந்திரம். அதோடு, அன்றைய நகரசபை என்றாலே தண்ணீர், சாக்கடை, காலரா, அம்மை. டாக்டர் பேசினால் எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிற விஷயங்கள். நாயர் மட்டுமில்லை, திருவல்லிக்கேணி டாக்டர் நடேச முதலியார், தென் கன்னடத்திலிருந்து வந்து இங்கே பேரெடுத்த டாக்டர் யு. ராமராவ், கொஞ்சம் பின்னால் புதுக்கோட்டையிலிருந்து வந்து அடையாறையே தன் ஊராக்கிக்கொண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி... சென்னை அரசியலில் டாக்டர்கள் வரிசை நீளமானது.

1904இல் நாயர் மாநகராட்சி உறுப்பினரானார், திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாக. அதே வருஷம் 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ மாத இதழ் தொடங்கியது. ஆசிரியர் நாயர், வெளியிட்டவர் ராமராவ். பெயரே போதும், ஆசாமியின் சுபாவத்தைச் சொல்ல! கிருமி எங்கே இருந்தாலும் விடமாட்டேன், எரிந்தால் எரியட்டும் என்கிற எழுத்து.

இப்போது நான் சொல்ல வந்த பெரிய காரியம். 1907இல் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் ஒன்றை அரசாங்கம் நியமித்தது. மாரிசன் என்ற அதிகாரி தலைவர். அதில் நம்ம டாக்டர் நாயரும் ஓர் உறுப்பினர்.

அன்றைய நிலைமை என்ன? 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம், 1891இல் இரண்டாவது. இரண்டாவது சட்டப்படி பெண்களுக்கு 11 மணி நேரம், 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 7 மணி நேரம் என்று உச்சவரம்பு. ஆண்களுக்கு? வரம்பே கிடையாது. சூரியன் மறைந்தால் மில் நிற்கும், அதுதான் வரம்பு. பம்பாய் மில்களில் மின்சார விளக்கு வந்ததும் சூரியனும் போய்விட்டது. 14 மணி, 15 மணி நேரம் ஓட்டினார்கள். பிள்ளைகளின் வயதைக் கூட்டிச் சொல்லி வேலை வாங்குவதும் நடந்தது. நம் சென்னையிலும் பெரம்பூரில் பக்கிங்காம் மில், கர்னாடிக் மில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்த காலம்.

கமிஷன் ஊர் ஊராகச் சுற்றி விசாரித்து 1908இல் அறிக்கை கொடுத்தது. வேலை நேரம் அளவு மீறிப் போகிறது என்பதைப் பெரும்பான்மை உறுப்பினர்களும் மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்த ஆணின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டு நேரடியாகக் குறைக்கக்கூடாது என்றார்கள். அதற்குப் பதில் சுற்றுவழி ஒன்று சொன்னார்கள்: 14 முதல் 17 வயது வரை இளைஞர் என்று ஒரு புதுப்பிரிவை ஏற்படுத்தி அவர்களுக்கு மட்டும் 12 மணி நேரம் வைப்போம், அவர்கள் போய்விட்டால் மில் தானாக நின்றுவிடும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாயர் ஒத்துக்கொள்ளவில்லை. எதைச் செய்ய வேண்டுமோ அதை நேராகச் செய்யுங்கள், வளர்ந்த ஆணுக்கும் 12 மணி நேரம் என்று சட்டத்தில் எழுதுங்கள் என்று தனியாக ஒரு மாற்றுக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு கமிஷனில் தனியாளாக எதிர்க்கருத்து எழுதுவது சாதாரணமில்லை. அறிக்கையின் பின்பக்கங்களில் அது கிடக்கும், யாரும் படிக்கமாட்டார்கள். இது அப்படிக் கிடக்கவில்லை. 1911இல் வந்த சட்டம் நெசவு மில்களில் வளர்ந்த ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று நேரடியாகவே வரம்பு கட்டியது. பிள்ளைகளுக்கு 6 மணி நேரமாகக் குறைந்தது.

பன்னிரண்டு மணி நேரமா, இது என்ன பெரிய சாதனை என்று இன்றைய மாணவர்கள் கேட்கலாம். இந்தியாவில் வளர்ந்த ஆணின் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் விழுந்த முதல் கோடு அது. 1922இல் 11 ஆகி, 1948 சட்டத்தில் 9 ஆனதெல்லாம் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான். எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற நம்மவர்கள் நாயர் சாலையைக் கடக்கும்போது ஒரு விநாடி நினைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

அடுத்து அடையாறு. பிரம்மஞான சபைத் தோட்டத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் கோலோச்சிய நாட்கள். அம்மையாரின் நெருங்கிய சகாவான லெட்பீட்டர் என்பவர் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சில விஷயங்களைப் பற்றிப் பெரிய சர்ச்சை ஏற்கெனவே இருந்தது. 1910இல் நாயர் அதைப் பற்றி ஆன்டிசெப்டிக்கில் மருத்துவ ரீதியாக ஒரு காரசாரமான தலையங்கம் எழுதினார். ராமராவ் அதைத் தனிப்பிரசுரமாகவே போட்டுவிட்டார். 1913இல் அம்மையார் நாயர் மேலும் ராமராவ் மேலும் 'ஹிந்து' பத்திரிகை மேலும் மானநஷ்ட வழக்குப் போட்டார். மூன்றிலும் அம்மையாருக்குத் தோல்வி. அந்தப் பகை அணையவே இல்லை. பின்னால் 1918இல் அம்மையாரைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார் நாயர். அதில் இருக்கிற சூடு, மருத்துவ நியாயத்தைத் தாண்டிய சொந்தச் சூடு என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1916 செப்டம்பரில் பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் லீக் ஆரம்பித்தபோது, அது நாயருக்கு வெறும் அரசியல் இயக்கமாகத் தெரியவில்லை. அடையாறு, அதோடு சேர்ந்த மயிலாப்பூர் வக்கீல்கள், இவர்கள் கையில் சுயராஜ்யம் போனால் மற்றவன் கதி என்ன என்ற கேள்வியாகத் தெரிந்தது. அந்த வருஷம் அவருக்கு ஏற்கெனவே கசப்பான வருஷம். பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு மாநகராட்சித் தண்ணீர் விடுகிற விவகாரத்தில் தகராறு முற்றி, 12 வருஷம் உட்கார்ந்த மாநகராட்சி நாற்காலியை விட்டு விலகினார். இம்பீரியல் சட்டசபைத் தேர்தலிலும் தோற்றார். 1912 முதல் மதராஸ் சட்டசபையில் இருந்தவர், ஒரே வருஷத்தில் வெளியே வந்து நின்றார். இந்தத் தோல்விகள்தான் அவரைக் கட்சி ஆரம்பிக்க வைத்தன என்று எதிராளிகள் அப்போதே சொன்னார்கள். பாதி உண்மை இருக்கலாம். மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 1912இல் மாகாணத்தில் 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர்கள். 140 டிப்டி கலெக்டர்களில் 77 பேர். 18 சப் ஜட்ஜுகளில் 15 பேர். ஜனத்தொகையிலோ நூற்றுக்கு மூன்று சொச்சம். மயிலாப்பூர் மாடவீதிகளில் வளர்ந்த நம் நண்பர்கள் சிலருக்கு இந்தப் பத்தி கொஞ்சம் உறைக்கும் என்று தெரியும். ஆனால் இந்த எண்கள் மேடைப் பேச்சில் கட்டியவை அல்ல. அரசாங்க உத்தியோகம் பற்றி விசாரிக்க வந்த ராயல் கமிஷனிடம் 1913இல் வைக்கப்பட்டவை. ஹாஸ்டலில் தங்கிச் சாப்பிட இடமில்லாமல் பிற சாதி மாணவர்கள் தவித்த காலம் அது. அவர்களுக்காக நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் நடத்தினார்.

தியாகராய செட்டியாருக்கும் நாயருக்கும் மாநகராட்சியில் ஏழாம் பொருத்தம். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்த பெருமை நடேச முதலியாருக்கே. 1916 நவம்பர் 20ஆம் தேதி கூட்டம் கூடியது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. டிசம்பரில் செட்டியார் பெயரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. 1917 பிப்ரவரி 26 முதல் 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில தினசரி. ஆசிரியர் டாக்டர் நாயர். பத்திரிகையின் பெயரே கட்சிக்கு நிலைத்துவிட்டது. நீதிக்கட்சி!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் தமிழ் தமிழ் என்று முழங்கிய ஓர் அரசியல் மரபின் முதல் பத்திரிகை ஆங்கிலத்தில். அதன் ஆசிரியர் மலையாளி. தலைவர் தெலுங்கு பேசும் வியாபாரி. 'திராவிடன்' என்ற தமிழ்ப் பத்திரிகையும் 1917இல் வந்தது. ஆனால் பேனா வீச்சு என்று பேர் வாங்கியது ஜஸ்டிஸ்தான். வெளியூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேர்விட்டவர்களால் கட்டப்பட்ட நகரம் இது.

1917 அக்டோபர் 7ஆம் தேதி ஸ்பர் டாங்க் மைதானத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டத்தில் நாயர் பேசிய பேச்சு அவர் பேச்சுகளிலேயே பிரசித்தம். எழுந்திருங்கள், உங்கள் உரிமையை நீங்களே கேளுங்கள் என்பது சாரம். மேல்தட்டுக்காரர் கட்சி என்று பெயரெடுத்த ஒரு கட்சியின் தலைவர், அன்று அங்கே போய் அப்படிப் பேசினார்.

அடுத்த இரண்டு வருஷமும் லண்டன் கதைதான். இந்தியாவுக்குப் புது அரசியல் சீர்திருத்தம் வரப்போகிறது, மாண்டேகு - செம்ஸ்போர்டு திட்டம். அதில் பிராமணரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது கட்சியின் ஒரே பிடி. 1918இல் நாயர் லண்டன் போனார். உடம்பு சரியில்லை, வைத்தியத்துக்கு என்று ஒரு காரணம். விஷயம் அரசியல் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் இறங்கினால், பொதுக்கூட்டத்தில் பேசக்கூடாது என்று அரசாங்கம் வாயைக் கட்டிவிட்டது! வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்று இங்கே ஏசப்பட்டவருக்கு அங்கே கிடைத்த மரியாதை இது. பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்த பிறகே தடை விலகியது. பேசிவிட்டு 1919 ஆரம்பத்தில் திரும்பினார்.

இதற்கிடையே வாக்குரிமை பற்றி விசாரிக்க வந்த சவுத்பரோ கமிட்டியை நீதிக்கட்சி பகிஷ்கரித்தது. கமிட்டியில் சீனிவாச சாஸ்திரியார் இருக்கிறார், நியாயம் கிடைக்காது என்பது காரணம். பகிஷ்காரம் செய்தால் என்ன ஆகும்? நம் பக்கம் பேச ஆள் இல்லாமலே அறிக்கை வந்தது. தனி இடம் கிடையாது என்றுவிட்டார்கள். இனி மிச்சமிருந்த ஒரே வாசல் பார்லிமென்டின் கூட்டுக் கமிட்டி. 1919 மே மாதம், தேறாத உடம்போடு நாயர் மறுபடியும் கப்பலேறினார். போக வேண்டாம் என்று இன்னொரு நோயாளிக்கு அவரே சொல்லியிருப்பார். லண்டனில் படுத்தவர் எழவில்லை. கமிட்டி முன் சாட்சியம் சொல்லாமலே 1919 ஜூலை 17ஆம் தேதி காலமானார். வயது 51. கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் தகனம்.

அவர் சொல்ல வேண்டியதை கே.வி. ரெட்டி நாயுடுவும் ஏ. ராமசாமி முதலியாரும் மற்றவர்களும் சொன்னார்கள். கேட்டது தனித்தொகுதி. கிடைத்தது, 1920இல் மெஸ்டன் பிரபுவின் தீர்ப்புப்படி, பொதுத்தொகுதிகளில் 28 இடங்கள் ஒதுக்கீடு. அந்த வருஷக் கடைசியில் காங்கிரஸ் ஒதுங்கி நின்ற தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தது. டிசம்பர் 17இல் சுப்பராயலு ரெட்டியார் மந்திரிசபை. செட்டியார் பதவி வேண்டாம் என்றுவிட்டார். 1921இல் உத்தியோகங்களில் எல்லா வகுப்பாருக்கும் இடம் என்று முதல் வகுப்புவாரி உத்தரவு. அதே வருஷம் பெண்களுக்கும் வாக்குரிமை. இது எதையும் நாயர் பார்க்கவில்லை.

மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் போட்டதும் இந்த ஆட்சிக் காலத்தில்தான், 1920களில். நாயர் உயிரோடு இருந்தவரை இந்த வட்டாரம் ஏரியும் ஏரிக்கரையும். ஊருக்கே செட்டியார் பெயர், பார்க்குக்குப் பனகல் அரசர் பெயர், இன்னொரு பார்க்குக்கு நடேசன் பெயர், ஒரு சாலைக்கு உஸ்மான் பெயர், ஒரு சாலைக்கு நாயர் பெயர். மாநகராட்சியில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்கள்! ராமராவ் மட்டும் வேறு வழி போனார். காங்கிரஸில் சேர்ந்து 1937இல் மாகாண மேல்சபைத் தலைவரானார்.

நான் முதலில் சொன்ன மாற்றுக் குறிப்புக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக மதராஸ் தொழிற்சங்கம் ஆரம்பமானது. ஆரம்பித்தவர் பி.பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபைக்காரர், பெசன்ட் அம்மையாரின் வலது கை. கூட நின்றவர் திரு.வி.க. பத்து வருஷம் முன்பு தொழிலாளிக்காகத் தனியாக நின்று எழுதியவர் எதிர்முகாமில்; தொழிலாளியைத் திரட்டியது அவர் ஜென்மப் பகையான அடையாறு. 1921இல் அந்த மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது, மந்திரிசபையில் இருந்தது நாயரின் கட்சி. சாதி இந்துத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், வேலைக்குப் போன ஆதிதிராவிடர்கள் ஒரு பக்கம் என்று பிளந்து, புளியந்தோப்பு பற்றி எரிந்தது, துப்பாக்கிச்சூடும் நடந்தது. கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்கள் மீதும், அவர்களுக்குச் சலுகை காட்டுவதாகச் சொல்லி அரசாங்கத் தொழிலாளர் இலாகா மீதும் பழி போட்டார்கள். 1923இல் எம்.சி. ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். ஸ்பர் டாங்க் பேச்சு நடந்து ஆறே வருஷம்.